திருமுறைப் பண்ணும் மக்கள் வாழ்வும்

இசை என்னுஞ் சொல், பொருந்துதல் என்னும் பொருளுடைய இசைதல் என்னும் வினையோடு ஓரடியினதாகும். ஒலியோடு ஒலி இசையப் பண் பிறக்கும். பண்ணோடு சொல் இசையப் பாட்டுப் பிறக்கும். பாட்டோடு உள்ளம் இசையப் பயன் பிறக்கும். அப்பயன் யாது என்பதனை அறிஞர் பலபடக் கூறுவர். செவிக்கு இனிமை பயந்து அயர்வை மாற்றுதலே அதன் பயன் என்பார் ஒருசாரார். மனநோய்க்கு மருந்தாதலே அதன் பயன் என்பார் பிறிதொருசாரார். இவை பொய்யல்ல, ஆயினும் இவற்றுள் அடங்குவது இசைப்பயனின் ஒரு கூறேயாம். மனிதனைப் பிற உயிர்களோடும், தன்னை ஒத்த மக்களோடும், தனக்கு முன் வாழ்ந்தாரோடும், முடிவில் எல்லாவற்றிற்கும் முதலாகிய சிவபெருமானோடும் இசைவிப்பதே இசையின் தலையாய பயன் என்பது, திருமுறைப் பண்களின் வரலாற்றை நோக்குவார்க்கு இனிது புலனாம். அவ்வரலாறு மற்றோர் உண்மையையும் உடன் காட்டுகின்றது. சொல் ஓலையிலும் கல்லிலும் நிற்கும். பண்ணோ உயிருள்ள மிடற்றிலன்றி வேறெங்கும் நிலைபெறாது. இவ்விரண்டும் ஈண்டு முறையே ஆராயப்படும்.

பண்டையோர் கண்ட பயன்

பழந்தமிழ் மக்கள் இசையை வாழ்வின் புறத்தே பூணும் அணிகலமாகக் கருதினாரல்லர். தொல்காப்பியனார் திணைதோறும் உரிய கருப்பொருள்களை வகுக்குங்கால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் என்பவற்றோடு யாழையும் உடன்வைத்து எண்ணினார். வழிபடும் தெய்வமும் உண்ணும் உணவும் போல, நிலந்தோறும் அந்நிலத்து மக்கட்கு உரிய பண்ணும் இன்றியமையாதது என்பது அவர் கருத்தாதல் இதனாற் பெறப்படும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களும், அவற்றின் வழிவந்த பாலை, குறிஞ்சி, மருதம், செவ்வழி என்னும் நாற்பெரும் பண்களும் பண்டே தமிழரால் வரையறுக்கப்பட்டன.

அப்பண்களால் விளைந்த பயனைச் சங்கச் செய்யுள்கள் தெளிவுறக் காட்டுகின்றன. தினைப்புனங் காப்பாள் ஒருத்தி குறிஞ்சிப்பண் பாட, கதிரை மேய வந்த யானை உண்ணுதலும் ஒழிந்து, நின்ற நிலையும் பெயராது உறங்கிற்று என்னும் செய்தி அகநானூற்றில் வருகின்றது. போரிற் புண்பட்டு வந்த வீரனைக் காக்கும் மகளிர், மனையில் வேம்பின் தழையைச் செருகி, வெண்கடுகு புகைத்து, யாழும் பிற இயங்களும் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடினர் என்பது புறநானூற்றால் அறியப்படுகின்றது. வழிப்போவாரை வருத்தும் கள்வரும் பாலைப்பண்ணைக் கேட்ட அளவில் தம் கைப்படையை நெகிழவிட்டுக் கொடுமை நீங்கினர் எனப் பொருநராற்றுப்படை கூறும். விலங்கின் சீற்றம், உடம்பின் நோவு, உள்ளத்தின் வன்கண்மை ஆகிய மூன்றும் இசைக்கு நெகிழ்தல் இவற்றாற் போதரும்.

இம்மூன்றனையும் ஒருங்கே கடந்து நின்ற இசைப்பயனைச் சேக்கிழார் பெருமான் ஆனாய நாயனார் வரலாற்றில் வைத்துக் காட்டினார். மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆயர் குலத்தில் தோன்றிய அந்நாயனார், ஆனிரை மேய்க்கும் தொழிலுடையார். கார்காலத்தில் ஒருநாள், பூத்து நின்ற கொன்றைமரம் ஒன்று சடையிற் கொன்றை சூடிய பெருமானை அவர்க்கு நினைப்பிக்க, அன்பு மேலிட்டுத் தம் வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை இசைத்தார். பசுக்கள் புல் மேய்தலை மறந்தன. கன்றுகள் பால் அருந்துதலை மறந்தன. இயல்பிற் பகையாகிய பாம்பும் மயிலும், சிங்கமும் யானையும் ஒருங்கு வந்து சூழ்ந்தன. இறைவன் உமையம்மையோடு எழுந்தருளி, அந்நிலையிலேயே அவரைத் தம்பால் அணைத்தருளினான். நாயனார் பெருந்திருக்கோயில் எடுத்தாரல்லர். நூல் பல கற்று வாதஞ் செய்தாரல்லர். மாடு மேய்க்கும் கையில் இருந்த குழலே அவர்க்கு வீடுபேற்று வாயிலாயிற்று. தம் தொழிலைக் கைவிடாது நின்ற ஒருவர்க்கும் இசை சிவஞானத்தின் பயனை அளிக்கும் என்பது இவ்வரலாற்றின் கருத்து.

நாதமும் உயிரும்

இசைக்கு இத்துணை ஆற்றல் யாங்ஙனம் வந்தது எனின், சித்தாந்த நூல்கள் அதற்கு விடை பகருகின்றன. முப்பத்தாறு தத்துவங்களுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது நாதம். அது சுத்தமாயையினின்றும் தோன்றுவது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும் அவ்வழி வருவனவே. மண் முதலிய பூதங்கள் தத்துவ வரிசையில் மிகத் தாழ நிற்ப, ஒலியின் மூலமோ மிக உயர நிற்கின்றது. ஆகலின் பருப்பொருள்கள் புகமாட்டாத இடத்தும் இசை எளிதிற் புகும்.

இனி, உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. ஆணவத்தைச் சார்ந்து நின்றவழி அறியாமையே தானாய் நிற்கும். அருளைச் சார்ந்தவழி அருளே தானாய் நிற்கும். ஆயின், நெடுங்காலம் மலத்தொடு பழகி இறுகிய நெஞ்சு, அருளை நோக்கித் திரும்புதற்கு ஒரு நெகிழ்ச்சி வேண்டும். இரும்பைக் கொல்லன் உருவாக்குமுன் உலையிலிட்டு இளக்குதல் போல, உள்ளத்தைத் திருவருள் தன்வழிப்படுத்துமுன் இளக்குவது இசை. சொற்பொருளை அறிவு பற்றுகின்றது. பண்ணை உணர்வு பற்றுகின்றது. அறிவும் உணர்வும் ஒருங்கே பற்றப்பட்டவழி உயிர் முழுதும் சார்பு மாறுகின்றது.

அற்றேல், திருப்பதிகங்களின் பொருளை ஓர்ந்து படித்தலே அமையும், பண் எற்றுக்கு எனின், அங்ஙனமன்று. படிப்பார் ஒருவர் பொருளின் முன்னும் பின்னும் விரைந்து செல்லக்கூடும். பாடுவாரோ அச்சொல்லில் பண் நிற்குந்துணையும் தாமும் நின்றே ஆதல் வேண்டும். ஒரு சொல்லில் நிற்கும் அந்நிலையே தியானத்திற்கு முதற்படி. திருநாவுக்கரசர் சமண் சமயத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு ஆசிரியராய் விளங்கியவர். நூலறிவில் ஒரு குறையும் இலர். சூலைநோய் பற்றியபோது அவ்வறிவு அவர்க்குத் துணைநின்றிலது. தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்துத் திருமுன்னர் வீழ்ந்து எழுந்து, கொல்லிப்பண்ணில் முதற்றிருப்பதிகத்தைப் பாடிய அளவிலே நோயும் நீங்கிற்று. அவர் வாழ்வும் திரும்பிற்று. நம்பியாரூரர்பால் இறைவன் வேண்டியதும் தமிழ்ப்பாடலே என்பதும், அதனையே தமக்கு உவந்த பூசனையாக ஏற்பதாக அப்பெருமான் அருளினன் என்பதும் பெரியபுராணத்தால் அறியலாம். திருக்கயிலையை எடுக்கத் துணிந்து அதன்கீழ் நெரிந்த இராவணனும் பிழைத்துப் போந்தது சாமகீதம் பாடியதனாலன்றோ? செருக்குற்றான் ஒருவனுக்கும் வாயில் அடையாதிருத்தல் இசையின் பெருமையாம்.

பாணர் பெற்ற பீடம்

இசை மக்களை மக்களோடு இசைவித்தமைக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு தலைசிறந்த சான்று. அவர் திருஎருக்கத்தம்புலியூரிற் பிறந்தவர். இராசேந்திரப்பட்டணம் என இன்று வழங்குவது அத்தலமே. பாணர் குலத்தினராகலின், அக்காலத்து உலகவழக்கின்படி திருக்கோயிலினுள் புகாது புறத்தே நின்று யாழ் வாசிக்கும் நிலையினராயிருந்தார். ஆலவாயில் அவர் திருவாயிலின் முன் நின்று இறைவன் புகழை யாழிலிட்டு இசைத்தபோது, சோமசுந்தரக்கடவுள் அன்றிரவே தொண்டர்க்குக் கட்டளையிட்டு அவரைத் தம் திருமுன்பு கொணர்வித்தான். ஈரத் தரையில் வைத்தால் யாழின் நரம்பு தளரும் என்று பொற்பலகை இடுமாறும் அருளினான். திருவாரூரில் அவர் புகுதற்பொருட்டு வடதிசையில் வேறொரு வாயில் வகுத்தளித்தான். மக்கள் அடைத்த வாயிலை இசையின் பொருட்டு இறைவன் திறந்தான் என்க.

ஆளுடைய பிள்ளையாரோடு அவர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் கூடிப் பிள்ளையார் அருளும் பதிகங்களை யாழிலிட்டு வாசித்துவரும் நாளில், திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் மனையில் எல்லோரும் தங்க நேர்ந்தது. நீலநக்கர் வேதியர், முத்தீ ஓம்பும் மனையினர். பிள்ளையார் பாணர்க்கு இடம் அருளுமாறு அவரை நோக்கிக் கூற, அவர் மனையின் நடுவே வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்தே அவ்விருவர்க்கும் இடமளித்தார். வேதிகையில் தீயும் வலஞ்சுழித்து முன்னையினும் ஓங்கி எழுந்தது எனச் சேக்கிழார் கூறுவர். சடங்கின் தூய்மைக்கு இழுக்கு நேருமோ என ஐயுறுவார்க்கு அத்தீயே விடையாயிற்று. பின்னர்த் திருநல்லூர்ப் பெருமணத்தில் பிள்ளையார் சோதியுட் புக்கஞான்று, அவ்வேதியரும் அப்பாணரும் மதங்கசூளாமணியாரும் ஒரே சோதியில் ஒருங்கு கலந்தனர். குலத்தால் வேறுபட்டாரை ஒரு மனையிலும் ஓர் ஒளியிலும் கூட்டியது யாது எனின், பதிகத்தின் பண்ணே எனலாம்.

இவ்வரலாற்றிற் பிறிதொரு நுட்பமும் உண்டு. திருத்தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் தாய்வழிச் சுற்றத்தார், அவர் யாழிலிட்டு வாசித்தலாலேயே பதிகங்கள் உலகிற் பரவுகின்றன என்று புகழ்ந்தனர். அதுகேட்டு நடுங்கிய பாணர், அவர்தம் மயக்கந் தீர்க்குமாறு பிள்ளையாரை வேண்டினர். யாழின் நரம்பில் அடங்காத இசையமைதியுடன் யாழ்மூரித் திருப்பதிகம் அப்பொழுது தோன்றிற்று. அடக்கமாட்டாத யாழை உடைத்தற்குப் பாணர் ஓங்கினர். பிள்ளையார் தடுத்து, கருவியில் அடங்கும் அளவைக்கொண்டு வாசிக்குமாறு பணித்தருளினார். கருவிக்கு எல்லை உண்டு. மிடற்றிசைக்கு அவ்வெல்லை இல்லை என்பதும், எல்லை உண்டென்பதுபற்றிக் கருவியை எறிந்துவிடுதல் தகாது என்பதும் இதனால் உணர்த்தப்பட்டன.

ஓலையும் கல்லும் மிடறும்

மூவர் முதலிகள் காலத்திற்குப்பின் பதிகங்களின் நிலை யாதாயிற்று என்பதைத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. சோழமன்னன் வேண்டுகோளின்படி, திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகள் பொல்லாப் பிள்ளையார் அருளால், தில்லைத் திருக்கோயிலில் மூவர் கையடையாளமிட்ட அறையில் ஏடுகள் இருத்தலை அறிந்தனர். மூவர் வந்தாலன்றி அறை திறத்தற்கில்லை என்று தில்லைவாழந்தணர் கூற, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்து அறையைத் திறப்பித்தனர். ஏடுகளுட் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. எஞ்சிக் கிடைத்தவையே இன்று எண்ணூற்றுக்குச் சிறிது குறைந்த பதிகங்களாக முதல் ஏழு திருமுறைகளில் விளங்குகின்றன.

ஏடு கிடைத்தும் மன்னன் கவலை தீர்ந்திலது. பாட்டின் சொற்கள் இருந்தன, பண்ணடைவு இல்லை. மன்னனும் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூர் சென்று இறைவனை வேண்ட, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணுக்குப் பண்முறை அருளப்பட்டுள்ளது என வானொலி எழுந்தது. அவளைத் தில்லைக்கு அழைத்துச் சென்று, அவள் பாடிக் காட்டியவாறே பதிகங்கட்குப் பண்ணும் கட்டளையும் அமைத்தனர். பேரரசனும் பெருஞானியும் ஒரு பாண்மகளிடம் மாணாக்கராய் நின்ற இக்காட்சி சிந்திக்கத்தக்கது. ஓலை அரிபட்டது, பெயர்தானும் அறியப்படாத அம்மகளின் மிடறு அரிபடவில்லை.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். முதல் இராசராசனுக்கு ஒன்றரை நூற்றாண்டளவு முற்பட்ட திருவல்லத்துப் பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் விட்டமை கூறுகின்றது. ஆகவே பதிகங்கள் முற்றும் மறைந்துபோயின என்றல் பொருந்துமோ எனின், இரண்டும் தம்முள் மாறுபடா என்க. அங்கங்கே சில கோயில்களில் சில பதிகங்கள் பாடப்பட்டு வந்திருத்தல் கூடும். எல்லாவற்றையும் ஒருங்கு தொகுத்து, பண்முறை வகுத்து, எங்கும் வழங்கச்செய்தது பின்னர் நிகழ்ந்தது எனக் கொள்ளின் இழுக்கில்லை. புராணமும் கல்வெட்டும் ஒன்றுபட்டுக் காட்டும் உண்மை ஒன்றே: பாடுவார் இருந்த இடத்துப் பாட்டு இருந்தது.

கி. பி. 1010 ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலை நிறைவித்த இராசராச சோழன் இவ்வுண்மையை நன்கறிந்தவன். அக்கோயிற் கல்வெட்டொன்று, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அவன் அமைத்தமை கூறுகின்றது. ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஒருவர்க்கு நாள்தோறும் முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. ஐம்பதின்மர்க்கும் கூட்ட, ஒருநாளைக்குப் பன்னிரண்டரைக் கலமாம். அதனினும் சிறந்தது அக்கல்வெட்டிற் கண்ட ஏற்பாடு. ஒருவர் இறந்தாலும் வேற்றிடம் பெயர்ந்தாலும், அவர்க்கு அடுத்த முறையுடையார் அப்பணியைப் பெறுதல் வேண்டும். அவர் தாம் பாடும் தகுதியிலராயின், தகுதியுடையார் ஒருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும். உரிமை மரபுவழி வரலாம். பாட்டு மட்டும் தகுதியில்லார் கையில் வீழ்தலாகாது என்பது மன்னன் கருத்து. கற்றளியைக் கட்டியவன், அக்கல்லினும் நொய்யது பண் என்பதை உணர்ந்து, அதற்கு வேறொரு காவலும் கட்டினான்.

திருவாமாத்தூர்க் கல்வெட்டொன்று நெஞ்சை உருக்கும் செய்தியுடையது. அக்கோயிலில் திருப்பதியம் பாடுதற்குக் கண்ணிலார் 16 பேரும், அவர்க்கு வழிகாட்டுவார் இருவரும் அமைக்கப்பெற்று, அவர்கட்கு நெல் வழங்கப்பட்டது. ஏட்டை நோக்கிப் படிக்கமாட்டாத அவர்கள், பிறர் பாடக் கேட்டே கற்றிருத்தல் வேண்டும். உலகம் பயனிலர் என ஒதுக்கியிருக்கக்கூடிய பதினறுவர், இசையால் உணவும் பெற்றனர். ஊர்க்குத் திருமுறைக் காவலருமாயினர். இசை மனித வாழ்வுக்குச் செய்யும் நன்மை யாது என வினவுவார்க்கு இக்கல்வெட்டைக் காட்டுதலே அமையும்.

பண்ணை எழுத்தில் எழுதிவைத்துக் காத்தல் இயலாதோ எனின், அம்முயற்சியும் நம் நாட்டில் நிகழ்ந்ததுண்டு. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் மேலைக்கோயில் என்னும் குகைக்கோயிலின் பக்கத்தே, பாறையில் ஏழு இராகங்களுக்குரிய சுரவரிசைகள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியர் என்பாருக்கு மாணாக்கனும் மகேசுவர பக்தனுமாகிய ஓர் அரசன் மாணவர் நலங்கருதிச் செய்வித்தது அது. எழுத்தமைதி நோக்கி ஏழாம் நூற்றாண்டினது என்பர். அவ்வேழனுட் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்கள், சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்னும் தேவாரப் பண்களை நினைப்பிப்பன. கல் சிதையவில்லை, எழுத்தும் பெரும்பாலும் விளங்குகின்றது. ஆயினும் அவ்வரிசைகளைப் பொறித்தோர் பாடியவாறே பாடிக்காட்ட வல்லார் ஒருவரும் இலர். சுரத்தின் பெயர் கல்லில் நின்றது. சுரத்தின் குழைவும் அசைவும் கற்பித்த ஆசிரியரோடு மறைந்தன. இதற்கு மறுதலையாக, 1917 ஆம் ஆண்டில் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டினின்றும் திருஞானசம்பந்தர் பதிகம் ஒன்று புதிதாகக் கிடைத்தது. சொல்லாயின் கல் அதனைக் காத்துத் திருப்பித் தரும். பண்ணாயின் தரமாட்டாது என்பது இவ்விரண்டு கற்களாலும் விளங்கும்.

பிற்கால நிலையும் கடமையும்

தேவாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட பண்கள் உள்ளன. பகற்பொழுதிற் பாடுவன, இரவிற் பாடுவன, எப்பொழுதும் பாடுவன என அவை மூவகைப்படும். செவ்வழியும் செந்துருத்தியும் பொதுவின்பாற்படும். பிற்காலத்தே வழக்கில் வந்த இராகப் பெயர்களால், நட்டபாடை நாட்டையாகவும், புறநீர்மை பூபாளமாகவும், தக்கேசி காம்போதியாகவும், கொல்லி நவரோசாகவும், சாதாரி பந்துவராளியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் ஓதுவார்களாற் பாடப்பட்டு வருகின்றன. மழை பொய்த்த காலத்து மேகராகக்குறிஞ்சிப் பதிகங்களைக் கோயில்களிற் பாடி வேண்டுதல் இன்றும் உள்ள வழக்கு. தாளத்தொடு பாடுதலைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றிப் பாடுதலைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார் மரபு கூறும்.

யாழ் வழக்கொழிந்தபின் பண்களின் பழைய உருவத்தை ஆராய்தல் அரிதாயிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கிறித்தவ சமயத்தினராயினும், 1912 ஆம் ஆண்டு முதல் தம் பொருளைச் செலவிட்டு இசைமாநாடுகள் கூட்டி, 1917 இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். 1941 இல் அண்ணாமலை நகரிற் கூடிய தமிழிசை மாநாட்டின் பயனாக 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. 1949 முதல் அச்சங்கம் ஓதுவார்களையும் இசைப்புலவர்களையும் ஒருங்கு கூட்டிப் பண் ஆராய்ச்சி செய்துவரலாயிற்று. ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு முயன்று இயற்றிய யாழ்நூல், 1947 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதத்திலேயே அடிகள் இறைவன் திருவடி எய்தினார். பாணர் உடைக்க ஓங்கிய யாழை, நூலுருவிலேனும் மீளக் காட்டிய பெருமை அடிகளுடையது.

இவ்வாராய்ச்சிகள் போற்றத்தக்கன. எனினும், ஆராய்ச்சி பண்ணுக்கு வேலியேயன்றி நீராகாது. பாடல்பெற்ற தலங்களிலும் ஓதுவார் இல்லாதன பல. ஓதுவார் உள்ள இடத்தும், கேட்பார் இன்றி அவர் தனித்து நின்று பாடுதல் காணப்படுகின்றது. பதிகத்தைப் பண்ணின்றி விரைந்து சொல்லி முடித்தலே வழிபாடென்னும் எண்ணம் பரவியுள்ளது. செந்துருத்திப் பண்ணில் அமைந்த தேவாரப் பதிகம் ஒன்றே ஒன்று. அது கண்ணொளி இழந்து வருந்திய நம்பியாரூரர் திருவாரூரிற் பாடியது. யாழ்மூரி என்னும் அமைதியுடைய பதிகமும் ஒன்றே. அவ்வொரு பதிகத்தைப் பண்ணோடு பாடுவார் அற்றுப்போயின், அப்பண்ணும் தேவார மரபினின்றும் அற்றதாம். அச்சிட்ட திருமுறைப் பிரதிகள் எத்துணை இருப்பினும் அவ்விழப்பைத் தடுக்கமாட்டா.

இக்காலத்து ஒலியைப் பதிந்துவைக்கும் பொறிகள் உளவாகலின், மிடறு எற்றுக்கு எனச் சிலர் கேட்கலாம். பொறி ஒருவர் பாடியதை மறவாது வைத்திருக்கும். அது பெரிதும் பயன்படும். ஆயின் மாணாக்கன் பிழைத்தவழி அது திருத்தாது. அவன் குரலுக்கு ஏற்பப் படிமுறை வகுக்காது. அடியார் கூட்டத்தில் உடனிருந்து உருகாது. இராசராசன் தன் கல்வெட்டில் வேண்டியது பாடியதைக் காத்தலன்று. அடுத்துப் பாடுவாரைக் காத்தல். தருமபுரம் ஆதீனம் முதலிய மடங்களின் தேவாரப் பாடசாலைகளும், ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளும் செய்வது அப்பணியே. 2021 ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் பெண் ஒருவர் ஓதுவாராக அமர்த்தப்பெற்றதைப் புதுமை எனச் சிலர் வியந்தனர். மதங்கசூளாமணியாரையும், தில்லையிற் பண்ணடைவு தந்த பாண்மகளையும் நினைவார்க்கு அது பழமையின் மீட்சியேயாம்.

சைவ நன்மக்கள் செய்யத்தக்கது பெரிதன்று. தத்தம் ஊர்த்தலப் பதிகம் ஒன்றையேனும், பதிகம் இல்லாவூரார் தமக்கு உவந்த ஒன்றையேனும், வல்ல ஓதுவாரிடத்து நேரிற் கேட்டுப் பண்ணோடு கற்றல் வேண்டும். கற்றதை மனையிற் சிறார்க்குக் கற்பித்தல் வேண்டும். குரல் இனிமை இன்மை தடையாகாது. திருவாமாத்தூரிற் பாடியோர்க்குக் கண்ணே இல்லை. மாலைதோறும் ஒரு மனையில் ஒரு பதிகம் பண்ணோடு ஒலிக்குமாயின், அம்மனையில் உள்ளார் தம்முள் இசைவர். பாணரோடும் நீலநக்கரோடும் ஆனாயரோடும் இசைவர். அவர்களை ஆட்கொண்ட பெருமான் திருவடிக்கும் இசைந்தாராவர். மக்கள் வாழ்விற்கு இசை செய்யும் நன்மை இதனின் மிக்கது பிறிதில்லை. அந்நன்மையை அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல் முன்னோர்க்கு நாம் பட்ட கடன்.

திருச்சிற்றம்பலம்.